கரையும் கிரேயோனும் மூலை மஞ்சளும்

வோட்டர் கலர் கிரேயோன் வாங்கலாமா, அட்டை செய்கிற வேலைக்கு அது பெறுமதியா என்று காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டு எழுதியிருக்கிறாள். அவளும் என்னைப் போல வீட்டில் இருந்தபடி அட்டை செய்து விற்கிறவள். பெருநாள் அட்டை, நிக்காஹ் அட்டை, பிள்ளைக்குப் பேர் வைக்கிற அட்டை எல்லாம் செய்வாள். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம், என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள். செய்தி வந்து நாலு நாளாகிறது. நான் வாசித்துவிட்டேன் என்பது அவளுடைய போனில் நீல அடையாளமாகத் தெரிந்திருக்கும். பதில்தான் போகவில்லை. ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிகிற விஷயம். ஆனால் என்னுடைய கிரேயோன் டின்னைத் திறந்தாலே உடனே மூடிவிடுகிறேன்.

டின் என் மேசையில்தான் இருக்கிறது. இருபத்துநாலு குச்சிகள். பார்வைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூசுகிற பஸ்டல் மாதிரித்தான் இருக்கும். காகிதத்தில் உலர்ந்தபடியே கீறலாம். கீறிய இடத்தை ஈரத் தூரிகையால் தொட்டால் கீறல் கரைந்து தண்ணீர் வர்ணமாகப் பரவும். கிண்ணம், தட்டு, கலக்குகிற வேலை ஒன்றும் இல்லை. பிறகு காய்ந்துவிடும். காய்ந்தபிறகு அதற்கு என்ன ஆகும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

சிக்குன்குனியா வந்து போனபின் என் விரல் மூட்டுகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. காய்ச்சல் போய்விட்டது, நோவு குடியிருந்துவிட்டது. காலையில் எழும்பினால் அகப்பையைப் பிடிக்கவே அரை மணித்தியாலம் ஆகும். மெல்லிய தூரிகையைப் பிடித்து மல்லிகை இதழ் கீறப் போனால் பாகற்காய் வந்து நிற்கும். கணவர் இருந்த காலத்தில் அட்டை எனக்குப் பொழுதுபோக்கு. அவர் போய் ஆறு வருஷம், இந்த ஆறு வருஷமும் அதுதான் சோறு போடுகிறது. கை போனால் என்ன செய்வேன் என்ற பயத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வருகிற ஓடரும் வராது.

தடித்த குச்சியாக இருந்தால் பிடிக்கலாமே என்றுதான் அந்தக் கிரேயோனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி, பட்டினத்துக் கடைக்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தேன். உறை பிரிக்கக் கூடாது என்றார்கள். பிரிக்காமல் எப்படித் தெரியும்? விலை ஒரு பக்கம். அதை விட, வாங்கினால் என் கை முடிந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் மறுபக்கம். பாலத்தில் பஸ் நின்று நின்று போகும். வாவியில் வலை வீசிக்கொண்டிருக்கிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வருவேன். வயசாளிகள்கூட எவ்வளவு இலகுவாக வீசுகிறார்கள் என்று எரிச்சலாக வரும்.

நாலாம் தரம் வாங்கிவிட்டேன். வாங்க வைத்தது என் மச்சாள்.

மச்சாள் என் கணவரின் தங்கை. எங்களுக்கு ஒரே வளவு, நடுவில் ஒரு தகர வேலி, அதிலும் ஒரு வாசல். அவளுடைய மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்திருந்தது. அதற்கு முந்தின வருஷமும் ஒன்று பொருந்தி, நாள் குறிக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதன்பிறகு அந்தப் பிள்ளை மூன்று மாதம் படலைக்கு வெளியே போகவில்லை. என்னை "மாமி, மாமி" என்று சுற்றிக்கொண்டு திரிந்தவள், என் மேசைக்கு முன்னால் வந்து பேசாமல் இருந்து காகிதம் வெட்டித் தருவாள். இது இரண்டாவது தரம். இதுவும் நின்றால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எங்கள் எல்லாருக்கும் பயம்.

"மச்சாள், புள்ளைட கலியாணக் காட்ட நீங்கதான் செய்யணும்," என்றாள்.

"எனக்கிட்டயா குடுக்கிற? நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க கா."

"கதைக்கட்டும். உங்கட கையால செய்யாம பிறகு ஆர்ட கையால செய்யுற?"

கதைப்பார்கள் என்று நான் சொன்னது சும்மா இல்லை. பிறந்தநாள் அட்டை, பாலன் பிறப்பு அட்டை, ஆசிரியர் தின அட்டை எதற்கும் என்னிடம் வருவார்கள். கலியாண அட்டைக்கு மட்டும் வர மாட்டார்கள். முகத்துக்கு நேரே காரணம் சொல்கிற அளவுக்கு ஆட்கள் கெட்டவர்களும் இல்லை. "இந்த முறை அச்சிலேயே அடிச்சிட்டம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்கள். எனக்குக் கோபம் வரும், பிறகு கோபப்பட எனக்கு என்ன கிடக்கிறது என்று அடங்கிவிடும்.

உள்ளே இருக்கிற எழுத்துகளை அச்சகத்தில் அடித்துத் தந்தார்கள். வெளிப்பக்கம் என் வேலை. நடுவில் நிறைகுடம், நாலு மூலைக்கும் ஒவ்வொரு செந்தாமரை. நூற்றுநாற்பது அட்டை. கிரேயோன் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் பொய்யில்லை. தடித்த குச்சி முழுக் கைக்குள்ளும் அடங்கியது. சிவப்பைச் சும்மா இழுத்துவிட்டு ஈரத் தூரிகையால் ஒரு தட்டுத் தட்ட, இதழ் தானாக விரிந்தது. பழைய நாளில் ஒரு பூவுக்கு எடுத்த நேரத்தில் இப்போது ஒரு அட்டையே முடிந்தது. அந்த மூன்று கிழமையும் நான் சந்தோஷமாக இருந்தேன். பயமில்லாமல் இருந்த கடைசி நாட்கள் அவைதான்.

சோதிக்காமல் விட்டேன் என்றும் இல்லை. ஒரு அட்டையை முற்றத்து வெயிலில் இரண்டு நாள் போட்டேன், நிறம் போகவில்லை. விரலால் தேய்த்தேன். வேர்வைக் கையோடு கொண்டு திரிவார்களே என்று, கடித உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு தேங்காய் துருவினேன். எல்லாவற்றுக்கும் தாங்கியது. ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை.

எங்கள் பக்கம் கலியாண அட்டையை வெறுமனே கொடுக்கிற வழக்கம் இல்லை. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலைக்கும் தொட்டு வைத்துத்தான் கொடுப்பார்கள். முதல் அட்டை பிள்ளையாருக்கு. அதைக் கோயிலில் வைத்துப் பூசை செய்து, அதன்பிறகுதான் வீடு வீடாகக் கலியாணம் சொல்லப் போவார்கள். மஞ்சள் வைப்பது தாலியோடு இருக்கிற பெண்கள். ஆறு வருஷமாக அப்படி ஒரு கிண்ணத்தை நான் தொட்டதில்லை. தொடாத பழக்கத்தில் அந்தக் கிண்ணம் என் ஞாபகத்தைவிட்டே போய்விட்டது. மீன் குழம்புக்கு மஞ்சள் போட என் கை ஆகும், அட்டையின் மூலைக்கு ஆகாது. ஆகாத வேலையை நான் எதற்கு யோசிக்கப் போகிறேன்? வேறு எந்தப் பெண் இந்த அட்டையைச் செய்திருந்தாலும் முதல் வேலையாக மஞ்சளைத்தான் வைத்துப் பார்த்திருப்பாள்.

மாப்பிள்ளை உன்னிச்சைப் பக்கம், வயற்காரர். அவருடைய பெரியம்மா ஒருநாள் நெல் மூட்டை கொண்டுவந்த வாகனத்தில் தானும் ஏறி வந்தார். மச்சாளின் வீட்டு மேசையில் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாக் கிடக்கு. ஆர் செய்யுற?"

"எங்கட மச்சாள்தான்," என்று மச்சாள் என்னைக் காட்டினாள்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் போனபின் மச்சாள் என்னிடம் சாதாரணமாகப் பேசினாள், ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டாள்.

கோயிலுக்கு அட்டை கொண்டுபோகிற நாள் வந்தது. பின்நேரம் பூசை. அதற்கு முதல் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் வந்து மஞ்சள் வைப்பதாக ஏற்பாடு. காலையில் நான் என் குசினியில் மீனுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைச் சரியாகக் கழுவாமல் மேசைப் பக்கம் ஓடினேன். போன் கிடந்தது, கீறும்போது பிசகி ஒதுக்கிவைத்த ஒரு அட்டையின் மேல். அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனை எடுத்துப் பேசினேன். பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் என் பெருவிரலெல்லாம் இரத்தம்.

மீன் முள்தான் குத்திவிட்டது என்று நினைத்தேன். தண்ணீரில் கழுவினேன். காயம் இல்லை. திரும்பி அட்டையைப் பார்த்தேன். மூலைத் தாமரையில் பாதியைக் காணவில்லை. சிவப்பு மஞ்சளோடு கலந்து, அட்டையின் ஓரத்தால் வழிந்து, மேசைச் சீலையில் சொட்டியிருந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், கணவருடைய சாவுச் செய்தி வந்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. அன்று நடந்தது நடந்து முடிந்திருந்தது. இது இனித்தான் நடக்கப்போகிறது. ஐந்து பெண்கள் ஈர மஞ்சளை வைக்கப் போகிறார்கள், நாலு மூலையாலும் சிவப்பு வழியப் போகிறது. நூற்றுநாற்பது அட்டையிலும். அந்தப் பெரியம்மாவும் கோயிலுக்கு வருகிறார். அவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. என் நெற்றியை இன்னொரு தரம் பார்த்தால் போதும். கிரேயோன் தண்ணீரில் கரையும் என்று நான் யாருக்குப் போய் விளங்கப்படுத்துவது?

சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். காய்ச்சல் என்று கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கலாமா என்றும் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். பிறகு மெழுகுதிரியை எடுத்து இன்னொரு பிசகிய அட்டையில் பூவின் மேல் தேய்த்தேன். தண்ணீர் தெளித்தால் நிறம் கரையவில்லை. நல்லது என்று மஞ்சளை வைத்தால், மஞ்சளும் ஒட்டவில்லை, உருண்டு ஓடியது. உலர்ந்த மஞ்சள் தூளைத் தொட்டு வைத்தால் ஊதினால் பறந்தது. கடைசியில், மஞ்சளைத் தண்ணீர் காட்டாத மாதிரிக் கெட்டியாகக் குழைத்து, இதழுக்கும் அட்டையின் விளிம்புக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தில் ஈர்க்குமுனையால் ஒரு புள்ளி வைத்தேன். அது நின்றது. அந்த வெறும் இடம் ஒரு நெல்மணி அகலம்தான். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு பக்கமாக இருந்தது.

மஞ்சள் விரலோடு தகர வேலி வாசல்வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். மச்சாள் தனியாக இருந்தாள். பிசகிய அட்டையை நீட்டி, தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்து அவளுக்கு முன்னாலேயே பூவைத் தொட்டுக் காட்டினேன். சிவப்பு வழிந்தது.

"இப்ப வந்து சொல்லுறீங்களே மச்சாள்," என்றாள். "இப்ப வந்து சொல்லுறீங்களே."

"எனக்கும் இப்பத்தான் தெரியும் கா."

"எனக்கு ஒரு புள்ளதான் கிடக்கு."

ஈர்க்கையும் கெட்டி மஞ்சளையும் காட்டினேன். அவள் தானே இன்னொரு பிசகிய அட்டையில் வைத்துப் பார்த்தாள். புள்ளி விலகி இதழில் விழுந்தது. சிவப்பு எழும்பியது. அடுத்த பிசகிய அட்டையிலும் அப்படியே. மணிக்கூட்டைப் பார்த்தாள், பதினொன்று. எழுந்துபோய் முன்கதவைப் பூட்டினாள். யன்னல் சீலையை இழுத்துவிட்டாள்.

"நீங்களே வையுங்க," என்றாள்.

"நான் வைக்கக் கூடாதே கா."

"வேற ஆருக்கும் இடம் தெரியாது. கெதியா வையுங்க. அவங்க வந்தா, வெள்ளனவே நான் வெச்சிட்டன் எண்டு சொல்லுறன்."

அதில் அன்பும் இல்லை, புரட்சியும் இல்லை. பயத்தில் சொன்னது. நானும் பயத்தில்தான் செய்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு கலியாண மஞ்சள் என் கைக்கு வந்தது, யன்னல் மூடிய ஒரு அறைக்குள், களவெடுக்கிற மாதிரி. நூற்றுநாற்பது அட்டைக்கும் நாலு நாலு புள்ளி. விரல் மூட்டுகள் எரிந்தன. ஒரு கட்டத்தில் அழுகை வந்தது, கண்ணீர் விழுந்தால் அதற்கும் நிறம் கரையும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மச்சாள் ஒவ்வொரு அட்டையாக எடுத்து ஊதிக் காயவைத்தாள். கலியாணப் பிள்ளை தையற்காரியிடம் போயிருந்தாள். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு வந்த ஐந்து பெண்களிடமும் மச்சாள் அப்படியே சொன்னாள், அவர்களும் நம்பிவிட்டார்கள். பின்நேரம் கோயிலில் நான் பின்னால் ஒரு தூணோடு நின்றேன். முதல் அட்டையைப் பிள்ளையாருக்கு முன்னால் வெற்றிலைத் தட்டில் வைத்தார்கள். குருக்கள் அட்டையின் நடுவில் குங்குமம் வைத்தார், மூலைகளிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தார். தீபம் காட்டினார். பிறகு செம்பில் மாவிலையை நனைத்துத் தீர்த்தம் தெளித்தார். ஈர்க்குமுனையால் நெல்மணி அகலத்தில் புள்ளி வைத்த எனக்கு, தீர்த்தம் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு துளி மேல்மூலைத் தாமரையில் விழுந்ததைக் கண்ணால் கண்டேன். சிவப்பு எழும்பி, ஒரு கோடாக அட்டையின் நடுவை நோக்கி ஓடியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா முன்வரிசையில் நின்றார். குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"குங்குமம் கரைஞ்சு ஓடுது," என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லம்."

குருக்கள் மூலைக்கு வைத்த குங்குமம் என்றுதான் அவர் நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. பிள்ளை உன்னிச்சைக்குப் போய் சந்தோஷமாக இருக்கிறாள். அட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வீட்டார் என்னிடம் கலியாண அட்டை கேட்டு வந்தார்கள். கை நோகுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கையைப் பற்றி நான் வெளியில் சொன்னது அதுதான் முதல் தரம், அதுவும் வேறு ஒன்றை மறைக்க.

பயம் போகவில்லை, இடம் மாறிவிட்டது. முதலில் நிறம் கரையும் என்று பயந்தேன். இப்போது மஞ்சள் வைத்தது என் கை என்று பயம். இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. பகலில், வேலையோடு இருக்கிற நேரத்தில் நம்புவதே இல்லை. மச்சாளின் மகளுடைய நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் நம்பிவிடுகிறேன். அவள் குரல் கேட்கும்வரை நம்புகிறேன்.

அவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி, போன கிழமை ஏழாம் மாதம் தொடங்கியது. அன்று காலையில் வயிற்றில் குத்து என்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மச்சாள் தகர வேலி வாசலால் ஓடிவந்தாள், பஸ் காசுக்கும் பைக்கும் தடுமாறிக்கொண்டு. "புள்ளைக்கு ஏலாதாம் மச்சாள்," என்றாள். நான் எழும்பி அவளுடைய தோளைப் பிடிக்கப் போனேன். அவள் என் கைகளைப் பார்த்தாள்.

ஒரு கணம்தான். மஞ்சளை வைக்கச் சொன்னதும் அவள்தான், அது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். நான் கையைக் கீழே விட்டுவிட்டேன். அவள் படலையைத் திறந்து ஓடினாள்.

பின்நேரமே செய்தி வந்தது. பயப்பட ஒன்றும் இல்லையாம், வாய்வுக் குத்துத்தானாம், பிள்ளையும் தாயும் சுகமாம். மறுநாள் மச்சாள் பால்சோறு கொண்டுவந்து, பக்கத்தில் இருந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தாள். வழமையை விடக் கூடக் கதைத்தாள். நானும் கதைத்தேன். இரண்டு பேரும் என் கைகளை மட்டும் பார்க்கவில்லை.

காத்தான்குடித் தங்கச்சிக்கு இப்போதுதான் பதில் போட்டேன்.

"வாங்குங்க. விரலுக்கு இலகு, நிறமும் வடிவு. உங்கட நிக்காஹ் காட்டுக்கு ஆரும் மூலைல மஞ்சள் வைக்கிற இல்லதானே, பயமில்ல."

அவள் உடனே கேட்டாள். "ஏன் ராத்தா, மஞ்சள் வெச்சா என்ன நடக்கும்?"

நான் நீளமாக ஒன்று எழுதினேன். மச்சாள், கோயில், ஈர்க்கு, ஏழாம் மாதம் எல்லாம் எழுதினேன். அனுப்பாமல் எல்லாவற்றையும் அழித்தேன்.

"நிறம் கரையும்," என்று மட்டும் அனுப்பினேன்.